உள்ளங்கை ஒரு சதவீதம்

மருந்துக்கடை வரிசையில் முன்னால் நிற்கும் ஆளின் முழங்கையை டாக்டரம்மா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆள் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொள்கிறார். டாக்டரம்மாவின் பார்வை கணுக்காலுக்கு இறங்கி, அங்கிருந்து காதின் பின்பக்கத்துக்கு ஏறுகிறது. பக்கத்தில் நிற்கும் கணவர், இது எங்கே போய் முடியும் என்று தெரிந்தவராக, கடைச் சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

“எத்தனை வருஷமா இருக்கு?”

“என்னது?”

“முழங்கைல. வெள்ளையா செதில் உதிருதே, அது.”

“நீங்க யாரும்மா?”

“அதை விடுங்க. நகத்தைக் காட்டுங்க.”

ஆள் காட்டிவிடுகிறார் என்பதுதான் அதிசயம். ஐம்பத்தெட்டு வயது, ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு, மூக்கு நுனிவரை இறங்கிவிட்ட கண்ணாடி. இப்படி ஒரு பெண்மணி அதட்டினால் பெரும்பாலானோர் நகத்தைக் காட்டிவிடுகிறார்கள். ரயிலில் ஒருவர் மட்டும் போலீசைக் கூப்பிடுவேன் என்று மிரட்டினார். “கூப்பிடுங்க, அவருக்கும் பாத்துடலாம்” என்றார் டாக்டரம்மா.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ‘முழங்கை மேடம்’ என்று பெயர். சொரியாசிஸ் முதலில் குடியேறும் இடங்களில் முழங்கை ஒன்று என்பதால் மனிதர்களை அவர் அங்கிருந்துதான் படிக்கத் தொடங்குவார். முகத்துக்கு வந்து சேர்வதற்குள் ஆள் கிளம்பிவிடுவதும் உண்டு. சம்பந்தி அம்மாவை மூன்று தடவை அறிமுகப்படுத்தியும் டாக்டரம்மாவுக்கு மனதில் நிற்கவில்லை. நான்காம் தடவை அந்த அம்மாள் அலமாரி மேல்தட்டிலிருந்து எதையோ எடுக்கக் கையைத் தூக்கியபோது, “அட, நீங்களா!” என்று கட்டிக்கொண்டார்.

ஊருக்கெல்லாம் தோலுக்கு எண்ணெய்ப்பசை வேண்டும் என்று உபதேசம் செய்பவருடைய சொந்தக் கைகள் சோப்பில் ஊறிச் சொரசொரவென்று இருக்கும். நோயாளியைத் தொடும்போது கையுறை போடமாட்டார். செதில் உதிரும் முதுகில் வெறுங்கையை வைத்து அரை நிமிடமாவது எடுக்காமல் இருப்பார். பல வருடங்களாக யாரும் தொடாத முதுகுகள் அவை. சிலர் அதிலேயே அழுதுவிடுவார்கள். “இது ஒட்டற வியாதியா இருந்தா இந்த முப்பத்தொரு வருஷத்துல எனக்கு மூக்கு வரைக்கும் வந்திருக்கணும்” என்று சொல்லி மூக்கையும் காட்டுவார்.

நோயை விளக்க அவருக்கு இரண்டு நிமிடம் போதும். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்கள் ஆள் தெரியாமல் தோலையே எதிரியாக நினைத்து அடிக்கின்றன. மிரண்ட தோல், ஒரு மாதத்தில் வளர வேண்டியதை நாலைந்து நாளில் வளர்த்துக் குவிக்கிறது. “காவக்காரன் வீட்டுக்காரனையே போட்டு அடிக்கிறான். மருந்து குடுத்தா கும்பல் கலைஞ்சிடும். ஆனா நாலு பேர் உள்ளயே துண்டை விரிச்சுப் படுத்துடுவாங்க. மருந்தை நிறுத்தினதும் எழுந்து உக்காந்து, அதே இடத்துல, அதே அளவுல ஆரம்பிப்பாங்க.”

அந்த நாலு பேர்தான் அவருடைய ஆராய்ச்சி. நோய் வந்த முதல் வருடத்துக்குள்ளேயே பலமான மருந்தை ஊசியாகப் போட்டால் அவர்கள் துண்டை விரிக்க நேரமே இருக்காது, மருந்தை நிறுத்திய பிறகும் நோய் திரும்பாது என்பது அவர் கட்சி. பதினோரு வருடமாக அதே கட்சி. கருத்தரங்குகளில் டீ இடைவேளையின்போது அவரைக் கண்டால் பிஸ்கட் தட்டு இருக்கும் பக்கம் நழுவுகிறவர்கள் இருந்தார்கள்.

‘கட்டுக்குள் வைக்கலாம்’ என்று நோயாளிகளிடம் சொல்வதை அவரும் முப்பது வருடம் சொன்னவர்தான். இப்போது அதைக் கேட்டாலே முகம் சுளிக்கிறது. “நாயைக் கட்டிப் போட்டிருக்கேன்னு சொல்றா மாதிரி. நாய் அங்கயேதானே நிக்குது?”

கடைசியில் நூற்றிருபது பேரை வைத்து ஆய்வு தொடங்கியது. பாதிப் பேர் அவருடைய ஆஸ்பத்திரியில், பாதிப் பேர் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள இன்னொன்றில். இரண்டிலும் சரிபாதி புது நோயாளிகள், சரிபாதி பழையவர்கள். ஒரு வருடம் ஊசி, பிறகு நிறுத்திவிட்டு இரண்டு வருடம் பார்த்துக்கொண்டிருப்பது. முதலில் இருந்த பரப்பில் பாதிக்கு மேல் தோலில் படை திரும்பினால் தோல்வி.

இரண்டு வருடம் முடிந்து கணக்கு வந்தது. இக்கரையில் புது நோயாளிகள் நாலில் மூன்று பேர் தேறியிருந்தார்கள், பழையவர்களில் வெகு சிலரே. அக்கரையில் புது நோயாளிகளிலேயே நாலில் ஒருவர்கூட இல்லை. ஒரே மருந்து, ஒரே நோய், நடுவில் ஓர் ஆறு.

கண்காணிப்புக் குழுவின் தலைவர் புள்ளியியல் பேராசிரியர். சிரிப்பதற்கும் ஆதாரம் கேட்பவர். “மேடம், உங்க நம்பிக்கை நல்லாத்தான் இருக்கு. எண்ணிக்கைதான் சரியில்ல” என்றார். ஆறு வாரம் தந்தார். அதற்குள் காரணம் கிடைக்காவிட்டால், பயனில்லை என்று எழுதி ஆய்வை மூடிவிடுவார்கள். அப்படி ஒருமுறை எழுதிவிட்டால் இந்தக் கேள்வியைத் தொட இன்னொருவர் வர இருபது வருடம் ஆகும். டாக்டரம்மாவுக்கு அப்போது எழுபத்தெட்டு.

டாக்டரம்மா மறுநாளே அக்கரைக்குப் போனார். மருந்துப் பெட்டியின் குளிர்நிலை, ஊசி போட்ட தேதிகள், கையெழுத்துகள் என்று மூன்று நாள் துருவினார். எதிலும் பிசகில்லை. நாலாம் நாள் தோற்ற முகத்தோடு கிளம்பும்போது வராந்தாவில் இரண்டு டாக்டர்கள் வழியனுப்ப வந்தார்கள். ஆரம்பத்தில் நோயாளிகளை அளந்தவர் நெட்டை டாக்டர், ஆறடி மூன்றங்குலம். அவர் வேறு பிரிவுக்குப் போனதும் மீதி அளவுகளை எடுத்தவர் குட்டி டாக்டர்.

நெட்டை டாக்டர் கைகொடுத்தார். டாக்டரம்மாவின் கை மணிக்கட்டுவரை காணாமல் போயிற்று. பிறகு குட்டி டாக்டர் நீட்டியது தன்னுடையதைவிடச் சின்னக் கை. அப்படியொன்றை வளர்ந்தவர்களிடம் அவர் பார்த்ததே இல்லை. விடவில்லை. இன்னொரு கையால் நெட்டை டாக்டரின் கையையும் மறுபடி பிடித்தார். நடு வராந்தாவில், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்கள் ஒதுங்கிப் போக, இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“உள்ளங்கைக் கணக்கு எப்படி எடுத்தீங்க?”

“படை மேல கையை வச்சு வச்சுத்தான் மேடம். இத்தனை கைன்னு எண்ணி.”

“யார் கையை?”

நெட்டை டாக்டர் தன் கையைப் பார்த்தார். குட்டி டாக்டர் தன் கையைப் பார்த்தார்.

தோல் வைத்தியத்தில் அது அரிச்சுவடி. விரல்களைச் சேர்த்து வைத்த உள்ளங்கை, உடம்பின் பரப்பில் ஏறத்தாழ ஒரு சதவீதம். ஆனால் அது நோயாளியின் கை, நோயாளியின் உடம்பு. வைத்தியரின் கையை வைத்தால் கணக்கு வைத்தியருடையதாகிவிடும். நோயாளியின் கையால் பத்து இருந்த படையை நெட்டை டாக்டர் ஏழு என்று எழுதியிருந்தார். கடைசியில் மிஞ்சிய மூன்று, குட்டி டாக்டரின் கையில் நாலாகியிருந்தது. பத்துக்கு மூன்று வெற்றி, ஏழுக்கு நாலு தோல்வி. நோய் திரும்பி வரவில்லை, கைதான் சுருங்கியிருந்தது.

“நீங்க அனுப்பின வழிமுறைத் தாள்ல ‘ஒரு உள்ளங்கை ஒரு சதவீதம்’னு மட்டும்தான் மேடம் இருந்தது” என்றார் குட்டி டாக்டர், அழுகிற குரலில்.

இருந்தது. தாளை எழுதியவர் டாக்டரம்மா. மற்றவர்களின் கட்டுரைகளில் காற்புள்ளிக்கெல்லாம் சண்டை பிடிப்பவர், யாருடைய கை என்று எழுதவில்லை. இதுகூடவா சொல்லணும் என்று நினைத்திருப்பார். இக்கரையில் அவர் கண்ணெதிரே நோயாளியின் கையைத்தான் வைத்தார்கள்.

அக்கரை நோயாளிகள் அறுபது பேருக்கும் தொலைபேசி போயிற்று. ஐம்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். ஒவ்வொருவரும் கட்டம் போட்ட தாளில் கையை வைக்க, பென்சிலால் சுற்றி வரைந்தார்கள். ஒப்பிட்டுத் திருத்துவதற்காக அந்த இரண்டு டாக்டர்களின் கைகளையும் வரைந்தார்கள். முழுதும் தேறிவிட்ட பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர், “என் மேல ஒண்ணுமே இல்லையே டாக்டரம்மா, இப்ப எதுக்கு என் கை?” என்றார்.

“அப்ப எவ்வளவு இருந்ததுன்னு தெரிய வேண்டாமா?”

“அதையெல்லாம் மறக்கத்தானே ஊசி போட்டுக்கிட்டேன்” என்று சொல்லிக்கொண்டே கையை வைத்தார்.

தாள்களில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். கட்டங்களை எண்ணும் வேலையைக் கணவர் எடுத்துக்கொண்டார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சாப்பாட்டு மேசையை நாலு நாள் யாருக்கும் தரவில்லை. “கட்டம் போட்ட தாள் வாழ்க்கையில எதுக்கு சார் உதவும்னு வருஷா வருஷம் ஒருத்தன் கேப்பான். இப்ப வந்து கேக்கச் சொல்லு அவனை.” எண்ணி முடித்தபின் குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு சொல்லவா? தப்பு அக்கரைல நடந்துச்சுன்னு எழுதிடேன். பொய் இல்லையே.”

“தாள் இக்கரைல இருந்துதானே போச்சு வாத்தியாரே?”

ஆய்வின் தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்திருந்த புகைப்படங்களைப் பெயர் மறைத்து, சம்பந்தமில்லாத இரண்டு டாக்டர்களிடம் கொடுத்துத் தனியாக அளக்கச் சொன்னார்கள். கைக்கணக்கும் படக்கணக்கும் ஒத்துப்போயின. அக்கரையிலும் நாலில் மூன்று பேர். குழுத் தலைவர் தாள்களை மூன்று தடவை புரட்டினார். ஆதாரம் போதுமானதாக இருந்திருக்க வேண்டும், சிரித்துவிட்டார்.

பெரிய கருத்தரங்கில் டாக்டரம்மா பேசியபோது திரையில் முதலில் வந்தது வரைபடமல்ல. நெட்டை டாக்டரின் கையும் குட்டி டாக்டரின் கையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்த ஒரு படம். “இந்தத் தப்பு என்னுது. மூணு வருஷ உழைப்பைக் குப்பைல போட இருந்தேன். இப்ப சரியான கணக்கைப் பாருங்க” என்றார். அரங்கு முதலில் சிரித்தது. கடைசி வரைபடம் வந்தபோது எழுந்து நின்று கைதட்டியது. பிஸ்கட் தட்டுப் பக்கம் நழுவியவர்கள் அன்று அவரைச் சூழ்ந்துகொண்டதில் அவருக்கு டீ கிடைக்கவில்லை. கைகொடுத்தவர்களின் முகம் ஒன்றும் நினைவில்லை என்று வீட்டில் வந்து சொன்னார். நாலு பேருக்கு நகச்சொத்தையாம்.

இரண்டு வாரம் கழித்துப் பேருந்து ஓட்டுநர் கடைசிப் பரிசோதனைக்கு வந்தார், அரைக்கைச் சட்டையில். டாக்டரம்மா முழங்கை, முழங்கால், முதுகு, காதோரம் எல்லாம் பார்த்தார். வெறுங்கையால் தடவியும் பார்த்தார். அவருடைய கைதான் சொரசொரவென்று இருந்தது. மேசைமேல் நோயாளி அட்டையை வைத்தார் ஓட்டுநர். ‘அடுத்த வருகை’ என்ற தலைப்பின் கீழ் மூன்று விதக் கையெழுத்தில் தேதிகள் இறங்கி வந்திருந்தன. கீழே இன்னும் ஒன்பது கட்டம் காலி.

டாக்டரம்மா அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“தேதி போட மறந்துட்டீங்க.”

“மறக்கல.”

“அப்ப அது திரும்பி வந்தா?”

“வந்தா வாங்க. வரும்னு தேதி போட்டு ஏன் காத்துக்கிட்டு இருக்கணும்?”

ஓட்டுநர் எழுந்திருக்கவில்லை. அட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். டாக்டரம்மா கையை நீட்டி அட்டையை மறுபடி வாங்கினார். இழுப்பறையில் தேடி ஓர் அளவுகோலை எடுத்தார். காலியாக இருந்த ஒன்பது கட்டத்துக்கும் குறுக்கே, மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை, நேராக ஒரு கோடு இழுத்தார்.