ஜெபகுமாரிக்காக ஒரு ஜெபக்குறிப்பு

குழித்துறையை அடுத்த எங்கள் சபையைச் சேர்ந்த ஜெபகுமாரி, சூடான் நாட்டில் ஆற்றங்கரை நகரமொன்றில் பிரசவப் பிரிவுச் செவிலியர். அந்நகரை ஓர் ஆயுதக்குழு கைப்பற்றியபோது மருத்துவமனை உரிமையாளர் தப்பியோடினார். ஜெபகுமாரியின் பாஸ்போர்ட் அவருடைய பூட்டிய அலமாரியில் இருந்தது. அலமாரியை உடைத்து அதை எடுப்பதற்குள் சாலைகள் அடைபட்டுவிட்டன.

அன்றுமுதல் தண்ணீர் எடுக்க ஆற்றுக்குப் போவதற்கும் அனுமதி வேண்டும். தெருமுனைகளில் கைபேசியைப் பிடுங்கிச் சோதித்தார்கள். ஞாயிறுதோறும் அவர், ஆயுதக்காரர்கள் நடத்தும் தேநீர்க்கடைக்குச் சென்று, அவர்களுடைய செயற்கைக்கோள் இணைப்பின் வழியே கணவர் சத்தியநேசனைக் காணொளியில் அழைப்பார். துப்பாக்கிக்காரன் ஒருவன் அருகிலேயே அமர்ந்திருப்பான். அவனுக்குத் தமிழ் தெரியாது. அந்தத் துணிவில்தான் ஒருநாள் சொன்னார்:

"ஏங்க, இங்க உள்ள ஒரு வாத்தியார இவனுவ தேடுதானுவ. காலுல குண்டு பட்டிருக்கு. நம்ம ஆஸ்பத்திரியிலதான் ஒளிச்சு வச்சிருக்கேன். யாருட்டயும் சொல்லாண்டாம்."

சத்தியநேசன் யாரிடமும் சொல்லவில்லை. ஆண்டவரிடம் மட்டும் சொன்னார். வெள்ளிக்கிழமை மாலை வீட்டு ஜெபக்கூட்டத்தில், குறையை விவரமாகச் சொல்லி மன்றாடுவதே எங்கள் வழக்கம். பொத்தாம்பொதுவான ஜெபம் எங்களுக்கு நிறைவளிப்பதில்லை. அவரும் மருத்துவமனையின் பெயரையும், ஒளிந்திருப்பவர் ஆசிரியர் என்பதையும் கண்ணீரோடு சொல்லி மன்றாடினார். வளைகுடாவிலுள்ள பிள்ளைகளுக்காகக் கூட்டம் பேஸ்புக்கில் நேரலையாகப் போய்க்கொண்டிருந்ததை அவர் நினைக்கவே இல்லை.

சவுதியில் ஓட்டுநராக இருக்கும் அவருடைய அக்காள் மகன் எபிசன் அதைக் கேட்டு உருகிப்போனான். தன்னோடு வேலை செய்யும் சூடான்காரர்களும் வேண்டிக்கொள்ளட்டும் என்று, முழு விவரத்தையும் அரபியில் எழுதிப் பதிவிட்டான். கூட்டம் முடிந்து ஏத்தம்பழ அப்பம் பரிமாறும்போது அவனே அழைத்தான்.

"மாமா, நான் அரபியில போட்டேன். எங்கூட உள்ள சூடான்காரன் வாசிச்சிட்டு ஏசுதான். உடனே எடுத்து மாத்து, இல்லேன்னா அவளக் கொன்னுபோடுவானுவன்னு சொல்லுதான்."

"ஏலே, அழிச்சியா?"

"அழிச்சாச்சு. அதுக்குள்ள ரெண்டு பேரு வேற குரூப்புல போட்டுட்டானுவ, மாமா."

சத்தியநேசன் தட்டைக் கீழே வைத்தார். மனைவியை எச்சரிக்க வழியில்லை. அவர் அழைத்தால்தான் உண்டு. ஞாயிறு ஆராதனைக்கும் போகாமல் கைபேசியின் முன் அமர்ந்திருந்தார். வழக்கமான வேளை கடந்தது. மகள் ரெனிஷா போட்டுவைத்த சோறு காய்ந்தது. மீன்குழம்பின்மேல் எண்ணெய் திரண்டது. வெயில் தாழ்ந்தபின் அழைப்பு வந்தது.

"ஜெபா! சுகமா இருக்கியா?"

"இருக்கேன். நேத்து வந்தானுவ. கட்டிலு கட்டிலாப் பொறட்டிப் பாத்தானுவ. வாத்தியார நான் பிரசவ ரூமுல, வலியில கெடந்த பிள்ளைக்க பக்கத்துல, திரைக்கு அங்கால இருத்திட்டேன். ஒருத்தன் உள்ள கேறப் பாத்தான். பெம்பிள பெறுக எடத்துல ஒனக்கு என்ன சோலின்னு சத்தம் போட்டேன். நாணிப் போயிட்டான்."

"இப்ப ஒனக்க பக்கத்துல யாரு?"

"உள்ள கேற வந்தானே, அவனேதான். சிரிச்சிட்டே பேசுங்க."

சத்தியநேசன் சிரிக்க முயன்றார்.

"திரும்ப வருவோம்னு சொல்லியிருக்கானுவ. எப்பிடித் தெரிஞ்சுன்னுதான் தெரியல. நீங்க யாருட்டயாவது சொன்னியளா?"

"ஜெபக்கூட்டத்துல சொல்லிட்டேன், ஜெபா."

மறுமுனையில் ஜெபகுமாரி உரக்கச் சிரித்தார். அது துப்பாக்கிக்காரனுக்கான சிரிப்பு.

"வாற வாரம் தோணி கெடச்சா அவரு அக்கரைக்குப் போவாரு. அது வர மனசுக்குள்ள ஜெபியுங்க. சத்தம் வெளிய வரப்பிடாது."

இணைப்பு அறுந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், பெண்கள் ஐக்கியத் தலைவி ஜெயபாய் கேட்டார்: "சத்தியநேசா, ஜெபாளுக்க காரியம் என்னாச்சு? விவரமாச் சொல்லும், பாரத்தோட ஜெபிக்கலாம்."

எதிரே நேரலைக் கைபேசி நின்றிருந்தது. சத்தியநேசன் எழுந்தார், அதையே பார்த்தார்.

"எனக்கு முட்டுவலி," என்றார். "அதுக்கு ஜெபியுங்க."