வேன் சத்தத்தில் ஒரு பதில்

மலேசியாவில், கூலாயிலிருந்து செனாய்த் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வேனில்தான் அன்றாட உரையாடல் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வு நடந்தது. அக்கா அங்கே வேலை பார்த்தாள். அவள் சொல்லித்தான் எனக்கு இடம் கிடைத்தது. எல்லாரிடமும் சம்மதம் வாங்கி, ஒலிப்பதிவுக் கருவியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். முதலில் வெட்கப்பட்டவர்கள் பிறகு என்னை மறந்தே போனார்கள். தமிழும் மலாயும் இடையிடையே ஆங்கிலமுமாக வேன் அதிரும்.

பதிவைக் கேட்ட என் ஆய்வு மேற்பார்வையாளர் முகம் சுளித்தார். அவரும் தமிழர்தான், ஆனால் என்னிடம் ஆங்கிலம் மட்டுமே பேசுவார். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், ஒருவர் பேசுவதை இன்னொருவர் கேட்பதே இல்லை, இது உரையாடலே அல்ல என்றார். இந்த அத்தியாயத்தைத் தூக்கிவிட்டு, ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பேட்டி எடுக்க வேண்டுமாம். இல்லையென்றால் கையெழுத்துப் போட மாட்டாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதில் பேசுவது என் அக்கா. அந்த வேனில் யாரும் யாரையும் கேட்பதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் நான் டாக்டர் ஆக வேண்டுமா? விடுவதாக இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு குரலாகப் பிரித்து எழுத உட்கார்ந்தேன். காது வலித்தது. அக்கா வேறு, "நாங்க பேசுறதுல என்னா இருக்கு? சும்மா கச்சாமுச்சான்னு பேசுறோம் லா!" என்று சிரித்தாள்.

இருந்தது. ஒரு காலைப் பதிவோடு மேற்பார்வையாளர் அறைக்குப் போய் ஓடவிட்டேன். மலாய்க்கார அக்கா ஒருவர் தொழிற்சாலையில் தன் வரிசையை மேய்க்கும் லைன் லீடரை மலாயில் கிழித்துக்கொண்டிருக்கிறார். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சத்தத்துக்கு அடியில் ஒரு தமிழ்ப்பெண் முணுமுணுக்கிறார்: "பிள்ளைக்குக் காய்ச்சல். இன்னைக்குச் சாப்பாடு கட்டல." பேச்சு நிற்கவில்லை. அந்த மலாய்க்கார அக்கா மட்டும், கதையின் நடுவில், அதே வேகத்தில், தமிழில் சொல்கிறார்: "நாசி லெமாக் இருக்கு லா, பாதி எடுத்துக்க." தன் தேங்காய்ப்பால் சோற்றில் பாதி. உடனே மறுபடி மலாய், மறுபடி லைன் லீடர்.

யாரும் கேட்கவில்லை என்றீர்களே, கேட்டதோடு நிற்காமல் அந்தத் தமிழ்ப்பெண்ணுக்காக மொழியையே மாற்றியிருக்கிறாரே என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் விட்டது.

அவர் மறுபடி ஓடவிடச் சொல்லித் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு என்னிடம் முதன்முதலாகத் தமிழில் பேசினார்.

"அந்தப் பொண்ணு சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டாங்க சார்" என்றேன். அத்தியாயம் தூக்கப்படாமல் அப்படியே நிலைத்தது.