ஏஞ்சல் மீனுக்குப் பஞ்சாயத்து

அந்தோணிசாமி மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. ஆனால் உப்பு விளைய வைப்பதைவிடச் சண்டை தீர்த்து வைப்பதில்தான் தனக்குக் கைராசி என்று நம்பிக்கொண்டிருந்தார். வைத்தியம் ஒன்றுதான். இரண்டு பேர் முறைத்துக்கொண்டால் ஒருவரைக் கிழக்குப் பாத்திக்கும் மற்றவரை மேற்குப் பாத்திக்கும் அனுப்பிவிடுவார். பேச்சுத் துணை இல்லாமல் வெயிலில் உப்பு வாரி அலுத்துப்போய், வாரக் கடைசிக்குள் இருவரும் டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். வெயில் செய்த வேலைக்குத் தான் பேர் வாங்கிக்கொண்டிருந்தது அவருக்கு ரொம்பப் பிந்தித்தான் உறைத்தது.

2005-இல் பெய்தது பேய்மழை. பாத்தியெல்லாம் தண்ணீருக்குள் போய்விட, அதட்ட ஆளில்லாமல் மேஸ்திரி வீட்டில் முடங்கினார். அந்த நேரம் பார்த்துத்தான் மகள் ஜான்சி குயிலாப்பாளையத்திலிருந்து கோபித்துக்கொண்டு வந்தாள்.

அவள் புருஷன் ஜான்சன் அங்கே ஒரு கெஸ்ட் ஹவுஸில் எலக்ட்ரீஷியன். மீன் தொட்டி என்றால் உயிர். தொட்டி கழுவுகிற மும்முரத்தில், ஜான்சியின் சித்தி பையன் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு வராமல் இருந்துவிட்டான். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் மாற்றுத் துணியைக்கூட மறந்துவிட்டு, கண்ணாடித் தொட்டியை மடியிலும் மீன்களைக் குடத்திலும் வைத்துக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டாள்.

அடுத்த ஞாயிறே ஜான்சன் பஸ்ஸை விட்டு இறங்கினான். வீட்டுக்குப் போக விட்டிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். மேஸ்திரி எதற்கு இருக்கிறார்? பஸ் ஸ்டாப்பிலேயே மடக்கி டீ வாங்கிக் கொடுத்தார்.

"மாப்ள, கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்க. தனித்தனியா இருந்தா சூடு ஆறிடும். நானே சொல்லி அனுப்பறேன்."

பெரியவர் பேச்சைத் தட்டாமல் அவன் திரும்பிப் போனான். அவன் கொடுத்த மீன் தீனிப் பொட்டலத்தை, தானே வாங்கியதாகச் சொல்லி அந்தோணிசாமி மகளிடம் நீட்டினார். மாப்பிள்ளை வந்து போனதைப் பற்றி மூச்சு விடவில்லை. தன் சாமர்த்தியத்தை மெச்சி அன்றைக்கு ஒரு டீ கூடுதலாகக் குடித்தார் என்பதுதான் வெட்கக்கேடு.

பிறகு தொட்டியிலும் கலகம் வந்தது. அதில் இரண்டு ஏஞ்சல் மீன்கள், மற்றதெல்லாம் பொடி மீன்கள். திடீரென்று ஒருநாள் அந்த இரண்டும் மற்ற மீன்களை மூலைக்கு மூலை துரத்த ஆரம்பித்தன. அதிலும் பெரியது ஒரு கறுப்பு மீனின் வாலைக் கடித்துக் கிழித்தேவிட்டது.

"பேரு ஏஞ்சலு, மோட்சத்து சம்மனசு. வேலையப் பாரு, ரவுடி வேலை" என்றார் அந்தோணிசாமி.

"மீனு சண்டையில உனக்கு என்னாத்துக்குப் பஞ்சாயத்து?" என்றாள் அவர் மனைவி சகாயசெல்வி.

ஆள் கிடைக்காத மேஸ்திரி மீனை விடுவாரா? ஜான்சி பூசைக்குப் போயிருந்த நேரத்தில் பெரியதைக் கிண்ணத்தால் அள்ளிப் பின்கட்டு பக்கெட்டில் விட்டார். கிழக்குப் பாத்தி, மேற்குப் பாத்தி. தொட்டி அடங்கியதைப் பார்த்துவிட்டு மீசையை நீவிக்கொண்டார். ரவுடியைத் தனியே வைத்து வைத்தியம் பார்ப்பதாக ஜான்சியிடம் சொன்னார். அவளும் ஏதோ யோசனையில் தலையாட்டினாள்.

நாலைந்து நாள் போயிருக்கும். தண்ணீர் மாற்றப் போன ஜான்சி, தொட்டிக்குள் இருந்த மோட்டார் குழாயில் கற்கண்டுத் தூள்போல எதுவோ ஒட்டியிருப்பதைக் கண்டு குனிந்தாள். அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அப்பா, இது முட்டைப்பா. அதுங்க ரெண்டும் ஜோடி. முட்டைய காவல் காக்கத்தான் மத்ததத் தொரத்தியிருக்குது. அதுங்களுக்குள்ள சண்டையே இல்ல."

முட்டைகளில் பாதி பூஞ்சணம் பிடித்து வெளுத்திருந்தன. பாதியைப் பொடி மீன்கள் தின்றுவிட்டிருந்தன. தனியாகக் காவல் காத்த சின்ன மீன் துடுப்பு கிழிந்து, தீனி எடுக்காமல் குழாய்க்குப் பின்னால் ஒதுங்கியிருந்தது. அந்தோணிசாமி பக்கெட்டிடம் ஓடினார். தண்ணீர் சிந்தச் சிந்தத் தூக்கி வந்து பெரியதை உள்ளே விட்டார்.

இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. பார்த்த வேகத்தில் வாயும் வாயும் கவ்விக்கொண்டு உருண்டன. இதற்குமுன் இல்லாத சண்டை, மேஸ்திரி கைப்பட உண்டாக்கிய சண்டை, இப்போது நிஜமாகவே நடந்தது.

"பிரிச்சி வச்சதுல யாரு என்னான்னே மறந்துபோச்சு" என்று சொன்ன ஜான்சி, தரையில் உட்கார்ந்து அழுதாள். "அவரும் அப்படித்தாம்பா. நான் வந்து எத்தினி நாளாச்சு. ஒருவாட்டிகூட வந்து எட்டிப் பாக்கல."

அந்தோணிசாமி, மாப்பிள்ளை கொடுத்த தீனிப் பொட்டலத்தைப் பார்த்தார். இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். நூறு கூலிக்காரர்களை அதட்டுகிற குரல், மகளுக்கு முன்னால் வெளியே வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, குடையைக்கூட எடுக்காமல் புதுச்சேரி பஸ்ஸைப் பிடித்தார்.

கீழ்புத்துப்பட்டு தாண்டி இறங்கி, செம்மண் சேற்றில் செருப்பு ஒட்ட ஒட்ட நடந்து குயிலாப்பாளையம் கெஸ்ட் ஹவுஸ் வாசலை அடைந்தபோது ஜான்சன் ஏணிமேல் நின்று பல்பு மாற்றிக்கொண்டிருந்தான். பஸ்ஸில் வரும்போது ஜோடித்து வைத்திருந்த பேச்செல்லாம் மேஸ்திரிக்கு மறந்துபோனது.

"மாப்ள, நீங்க அன்னிக்கு வந்தத ஜான்சிகிட்ட நான் சொல்லல. இன்னி வரைக்கும் சொல்லல."

ஜான்சன் மெதுவாக இறங்கினான். கோபப்படுவான் என்று அந்தோணிசாமி எதிர்பார்த்தார். கோபப்பட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அவ என்னப் பத்தி ஒரு வார்த்தைகூடக் கேக்கலன்னுதான் நெனச்சிகினு இருந்தேன் மாமா" என்றான். கண்ணைத் துடைத்த கையில் பல்பு அப்படியே இருந்தது.

உப்பளத்தில் எத்தனையோ பேர் தன்னிடம் வந்து சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு நாக்கு புரளவில்லை. எப்படியோ சொன்னார்.

"தப்பு எம்மேலதான். பிரிச்சி வச்சிட்டேன்."

ஜான்சன் ஏணியை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, "அடுத்த பஸ்ஸு எப்ப மாமா?" என்றான்.