ஜேடர்பாளையத்து நாரை

முப்பது வருஷமாக லாரிகளின் பின்கதவில் பனிமலைப் படம் எழுதிக்கொண்டிருந்தார் மாதையன். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் அவர் எழுதிய மலைகளை அடுக்கினால் இமயமலை குட்டையாகிவிடும். அடிவாரத்தில் சிவப்பு ஓட்டு வீடு, குளத்தில் ஜோடி அன்னம். பனியையும் அவர் பார்த்ததில்லை, அன்னத்தையும் பார்த்ததில்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இருந்ததில்லை.

கவலை சர்க்கரையாக வந்தது. தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். மாதையனுக்கு ஜேடர்பாளையத்தில் வீடு. தடுப்பணையை ஒட்டியே பூங்கா. கலை தேடி அங்கே போனதாக இப்போது சொல்லிக்கொள்கிறார். போனது மாத்திரையைக் குறைக்க.

மூன்றாம் நாள், அணைச்சுவரில் ஒரு சாம்பல் நாரை ஒற்றைக்காலில் நிற்பதைப் பார்த்தார். அவர் நடை அத்தோடு நின்றது. நாற்பது நாள் பெஞ்சில் உட்கார்ந்து அதையே பார்த்தார். பறந்துவிடுமோ என்று இருமலைக்கூட அடக்கிக்கொண்டார். சர்க்கரை ஏறியது, மருந்துச்சீட்டுகளின் பின்பக்கமெல்லாம் நாரை நிறைந்தது. சாவதற்குள் கண்ணால் பார்த்த ஒன்றை ஒரு வண்டியிலாவது எழுதிவிட வேண்டும் என்று மனிதர் தவித்தார்.

எருமப்பட்டி சின்னண்ணன் புது லாரியைக் கொண்டுவந்து விட்டு, "உங்க இஷ்டத்துக்கு எழுதுங்க" என்றார். லாரிக்காரர்கள் மரியாதைக்குச் சொல்வது அது. மாதையன் நம்பிவிட்டார்.

நாலு நாள் வேலை. வண்டி எடுக்க வந்த சின்னண்ணன், கையில் மாலையோடு பின்கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க ஆர்ட்டிஸ்ட்டு, இது நிக்குதுங்களே?"

"நிக்கறதுதானுங்க அதுக்கு அழகு."

"அழகில்லைன்னு சொல்லலீங்க. ஆனா லாரியில நிக்கற உருவம் ஆகாதுங்க. வண்டியும் லோடு கெடைக்காம நின்னு போயிரும். பறக்க உட்டுருங்க."

நல்ல நேரம் முடிய முக்கால் மணிதான் இருந்தது. மாதையன் பல்லைக் கடித்துக்கொண்டு படத்து நாரையின் இறக்கையை விரித்தார். காலைப் பின்னால் நீட்டினார். கழுத்தை முன்னால் நீட்டினார். மூலையில் இடம் மிச்சமிருக்கவே, பழக்கதோஷத்தில் ஒரு பனிமலையும் வந்து சேர்ந்தது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்க வண்டி கிளம்பியது. படத்துக்கு அடியில் மாதையனின் பெயரும் செல் நம்பரும் போயின.

மறுநாள் பூங்காவில், இருந்த கோபத்தில், நாரையைப் பார்த்துக் கை தட்டினார். அது எழுந்து பறந்தது. கழுத்தை மடித்துத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு பறந்தது. நாற்பது நாளில் அது பறப்பதை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, பார்க்க விரும்பவுமில்லை. நாரைக்கு அன்னத்தின் கழுத்தையல்லவா மாட்டி அனுப்பிவிட்டோம்! ஆயிரம் பொய் மலை எழுதியபோது வராத வெட்கம் அன்று வந்தது.

மூன்று வாரம் கழித்து அசாமிலிருந்து வண்டி திரும்பியதும் பிரஷ்ஷோடு ஓடினார்.

"கழுத்தை மட்டும் திருத்திக்கறனுங்க. சும்மாவே செஞ்சு தாரேன்."

சின்னண்ணன் பதறிப்போய்க் குறுக்கே நின்றார். "கை வெச்சுராதீங்க சாமி! அந்தக் கழுத்து வந்தப்பொறவு வண்டி ஒரு நா சும்மா நிக்கலீங்க. எம் மச்சினனும் அதே கழுத்துத்தான் வேணுங்கறான்."

மச்சினனின் லாரி பட்டறை வாசலில் வந்து நின்றிருந்தது. இந்த முறை, இஷ்டத்துக்கு எழுதுங்கள் என்று யாரும் சொல்லவில்லை.