என் பெட்டியில் ஆறு சென்னிமலைப் போர்வை

அன்பான சகோதர சகோதரிகளே, வெளிநாட்டு ஊழியத்துக்குப் போன மூன்றாம் நாள், குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நான் அழுதேன். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நடுவில் நடந்ததை மறைத்துவிட்டு ஸ்தோத்திரம் மட்டும் சொல்ல எனக்கு வராது.

என் பெயர் எஸ்தர். கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைக் குளிப்பாட்டுவேன், புரட்டிப் படுக்க வைப்பேன், அவர்கள் கழிப்பதை அள்ளுவேன். பிறந்தது வெள்ளகோவில் பக்கம். அம்மா களையெடுக்கப் போன வீடுகளில் எல்லாம் பின்வாசலில் நின்றே கூலி வாங்கியவர். எனக்கும் எங்கே போனாலும் ஓரமாக நிற்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

போன வருஷம் எங்கள் சபையிலிருந்து எட்டுப் பேர் ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுக்குப் புறப்பட்டார்கள். கேட்பாரில்லாத நோயாளிகளை வைத்துப் பார்க்கும் ஒரு விடுதி அங்கே இருக்கிறது. அதற்கு மருத்துவ உதவி செய்யப் போனோம். தலைவர் ஜெரால்டு டாக்டர். அவர்தான் என்னையும் கூப்பிட்டார். சபையில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏனுங்க எஸ்தரக்கா, ஊசி போடத் தெரியாது, இங்கிலீசு வராது. அங்க போயி வாசல் தெளிப்பீங்களா?"

"தெளிக்கச் சொன்னா தெளிச்சுப்போட்டு வாரேனுங்க" என்றேன். சிரித்துத்தான் சொன்னேன். உள்ளே எரிந்தது.

ஆளுக்குப் பத்துக் கிலோ மருந்து பெட்டியில் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் ஐந்து கிலோதான் வைத்தேன். மீதி ஐந்து கிலோவைச் சபை அலமாரியிலேயே விட்டுவிட்டு, அந்த இடத்தில் ஆறு சென்னிமலைக் கைத்தறிப் போர்வைகளை மடித்து அமுக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆண்டவரிடம் மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் தடுக்கவில்லை.

மலாவி விமான நிலையத்தில் எல்லாப் பெட்டிகளையும் திறந்தார்கள். மருந்துக்கு வேண்டிய ஒரு அனுமதிச் சீட்டை நாங்கள் முன்கூட்டியே வாங்கியிருக்கவில்லை. தப்பு எங்கள் பேரில்தான். மருந்து முழுவதையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். என் பெட்டியிலிருந்து கட்டம் போட்ட போர்வைகள் வெளியே வந்ததும் டாக்டர் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை.

"என்னங்கக்கா இது?"

"ஒரு ஊட்டுக்கு வெறுங்கையோட எப்படிங்க போறது, டாக்டர்?"

அதிகாரி போர்வைகளை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். மருந்து இல்லை. அந்த நாட்டில் வைத்தியம் பார்க்க டாக்டருக்குத் தர வேண்டிய அனுமதியும் வரவில்லை. பாட்டுப் பாடினோம், ஜெபித்தோம், உட்கார்ந்திருந்தோம். விருந்தாளி என்று எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை.

அங்கே கடைசிக் கட்டிலில் டோரிக்கா என்று ஒரு பெண். என் வயசுதான் இருக்கும். இடுப்பு ஒடிந்து மாசக்கணக்காகப் படுக்கை. சுவரைப் பார்த்தே கிடந்தாள். முதுகில் படுக்கைப்புண். அந்த வாடையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இப்படியே விட்டால் அதிக நாள் தாங்காது. யாராவது தொட்டால் அடிப்பாளாம். இரண்டு நாளாகக் கஞ்சியும் குடிக்கவில்லை. நர்ஸ் சொன்னதை டாக்டர் எனக்குத் தமிழில் சொன்னார்: "அவங்க சாகறதுன்னு முடிவு பண்ணிட்டாங்களாம்."

மூன்றாம் நாள் காலை டாக்டர் எங்களைக் கூட்டினார். மருந்து வரும்வரை தலைநகரில் போய்த் தங்கலாம், இங்கே இருந்து இவர்களுக்குப் பாரமாக வேண்டாம் என்றார். மத்தியானம் வண்டி வரும்.

அப்போதுதான் குளியலறைக்குள் போனேன். அழுது முடித்துக் கேட்டேன்.

"ஆண்டவரே, ஊர் பார்க்க நான் வரலைங்க. டாக்டருக்கு மருந்து வேணும், சீட்டு வேணும். எனக்கு என்னங்க வேணும்? தண்ணியும் துணியும் போதும். அந்தம்மாவ என் கையில கொடுங்க. கொடுக்காம வண்டி ஏற மாட்டேன். இழுத்தாலும் ஏற மாட்டேன்."

முகம் கழுவிக்கொண்டு நேரே டாக்டரிடம் போனேன். "நர்ஸம்மாகிட்டக் கேளுங்க. குளிப்பாட்டறதுக்கு லைசன்ஸ் வேணுமான்னு கேளுங்க."

நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். வேண்டியதில்லை, ஆனால் டோரிக்கா சம்மதிக்க வேண்டும் என்றார்.

வாளியில் வெந்நீர், தோளில் ஒரு போர்வை. போனேன். தொட்டதும் கையை ஓங்கி என் தோளில் ஓர் அடி வைத்தாள்.

"அடிங்க அம்மணி. எங்க வார்டுல வாங்காத அடியா? அடிச்சுப்போட்டுச் சொல்லுங்க, அப்புறம் திரும்பிப் படுக்கலாம்."

அவளுக்குத் தமிழ் தெரியாது. நான் நிறுத்தவில்லை. ஜூன் மாசம் அங்கே நல்ல குளிர். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நம்பி மெல்லிய துணியோடு போனவர்கள் நாங்கள். அவளுக்கும் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. போர்வையை மெதுவாக மேலே போட்டேன். கண்ணைத் திறந்தபடியே ஜெபித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வெந்நீர் ஆறிப்போயிற்று. வெளியே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. நான் அசையவில்லை.

அவள் கை போர்வையின் ஓரத்தைப் பிடித்தது. விரலால் அந்தக் கரையைத் தடவினாள். பிறகு, சுவரைப் பார்த்துக் கிடந்த முகம் என் பக்கம் திரும்பியது.

எனக்கு அதுதான் பதில். யார் என்ன சொன்னாலும் அதுதான்.

வேறு வெந்நீர் கொண்டுவந்தது ஜெரால்டு டாக்டர். வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டிருந்தார். நான் குளிப்பாட்டினேன், நர்ஸ் புண்ணுக்குக் கட்டுப் போட்டார். டாக்டரின் கைப்பையில் இருந்த ரப்பர் கையுறைகளில் தண்ணீர் நிரப்பி முடிச்சுப் போட்டு, குதிகாலுக்கு அடியில் வைத்தேன். குதிகால் புண்ணாகாமல் இருக்க எங்கள் வார்டில் செய்வதுதான். அன்று சாயந்திரம் அவள் அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தாள். மறுநாளிலிருந்து அந்தக் கூடம் முழுவதும் குளியல்தான். பட்டம் படித்த பிள்ளைகள் வாளி தூக்கினார்கள், நான் மேய்த்தேன். "அக்கா, இவரை எந்தப் பக்கம் திருப்பறதுங்க?" என்று டாக்டரே கேட்டார்.

மருந்து வந்தது நாங்கள் கிளம்பும் நாள் காலையில். அதற்குள் டோரிக்காவின் புண்ணில் சிவப்பாகச் சதை வளர ஆரம்பித்திருந்தது. அவள் நாற்காலியில் வெயிலில் உட்கார்ந்திருக்கும் படத்தை நர்ஸ் பிறகு அனுப்பினார். தோளில் அந்தப் போர்வை.

இப்போது சபையில் நான் ஓரத்தில் நிற்பதில்லை. நடுவில் உட்காருகிறேன். வாசல் தெளிப்பீங்களா என்று கேட்ட அம்மாவுக்குப் பக்கத்திலேயே.

உங்களில் யாருக்காவது, எனக்கு என்ன தெரியும், என்னை வைத்து ஆண்டவர் என்ன செய்வார் என்று தோன்றினால், அதை என்னிடம் சொல்லாதீர்கள். அவரிடமே போய்க் கேளுங்கள். பணிவாகக் கேட்க முடியாவிட்டால் சண்டை போட்டுக் கேளுங்கள். என் சண்டைக்குக் காது கொடுத்தவர் உங்களைத் துரத்திவிட மாட்டார்.

இந்த வருஷமும் போகிறோம். சீட்டெல்லாம் முன்பே வாங்கியாயிற்று. பெட்டியில் மருந்துக்குப் பத்துக் கிலோ இடம் விடுங்கக்கா என்று டாக்டர் கேட்டார்.

"அஞ்சுதானுங்க" என்றேன்.