சீதாலட்சுமியின் பத்து விரல்கள்

சீதாலட்சுமி கோபக்காரி என்று அல்சூரில் அவள் குடியிருக்கும் சந்து முழுக்கப் பேச்சு. பேசுகிறவர்களுக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது? பால்காரன் வருவதற்கு முன்பே எழுந்து, சிவாஜிநகர் பேக்கரியில் அடுப்பு முன்னால் மத்தியானம் வரை வெந்து, வீட்டுக்கு வந்து மறுபடியும் ஓர் அடுப்பு முன்னால் நிற்கிறவள் அவள். அப்படிப்பட்டவள் எப்போதும் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கே ஒரு தைரியம் வேண்டும்.

பத்தொன்பது வயதில் பன் பாக்கெட் கட்டுகிற வேலைக்குத்தான் அந்தப் பேக்கரிக்குள் போனாள். ஒரு ரம்ஜான் மாதம், கூட்டம் கடையை மொய்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அடுப்பு மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனார். முதலாளி சாப் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். சீதாலட்சுமி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மாவில் கையை வைத்தாள். அன்றைக்கு வைத்த கையை இதுவரை எடுக்கவில்லை. தில்குஷ், கோவா பன், ரஸ்க், நான்கட்டாய் எல்லாம் அவள் கைப்பக்குவம்தான். ஆனால் அவளை யாரும் மாஸ்டர் என்று கூப்பிட்டதில்லை. 'சீதாக்கா'தான். அவளிடம் வேலை கற்றுக்கொண்ட ஓர் ஆள், மீசை முளைத்த ஒரே தகுதியில், போன வருஷம் மாஸ்டர் ஆனான். அவன் சம்பளம் அவளுடையதைவிட அதிகம். இதைக் கேட்டதற்கு சாப், "அவன் குடும்பஸ்தன் ஆகப் போறான் சீதா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார். அப்படியென்றால் அவள் குடும்பம் என்ன தர்மசத்திரமா?

அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் பிரிஸில்லா போன் பண்ணினாள். முன்பு இதே பேக்கரியில் கேக் மேல் பூ வைத்துக்கொண்டிருந்தவள், கல்யாணமாகிக் கனடா போய்விட்டாள். அங்கே ஒரு சின்ன ஊரில் அவள் வேலை செய்கிற பேக்கரிக்கு ஆள் கிடைக்காமல் முதலாளியம்மா திண்டாடுகிறாளாம். "அக்கா, நீ வந்தா ஒரே நாள்ல எல்லாரையும் ஓரங்கட்டிருவ" என்றாள். சீதாலட்சுமி போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அந்த வெள்ளைக்கார அம்மா பார்க்கப் பார்க்க மாவு பிசைந்து, உருட்டி, சுட்டு, பிட்டுக் காட்டினாள். அந்த அம்மா தலையாட்டிவிட்டாள். பிறகு ஒரு வருஷத்துக்கும் மேலே காகிதம், காகிதம், இன்னும் காகிதம். எல்லாம் முடிந்து கடைசியாக மிச்சமிருந்தது கைரேகை. விசா மையத்துக்கு நேரில் போய்ப் பத்து விரலையும் கண்ணாடி மேல் வைத்துவிட்டு வர வேண்டும், அதற்கு ஒரு கெடு. இடம் காலியில்லை, காலியில்லை என்று போய்ப் போய், கெடு முடிகிற திங்கட்கிழமைதான் அவளுக்கு நேரம் கிடைத்தது.

அவள் புருஷன் நாகேஷ் ஆட்டோ ஓட்டுகிறான். இந்த ஒரு வருஷமும் அவன் சொன்னது ஒரே வார்த்தைதான். "உன் இஷ்டம்." போகாதே என்று சொல்லியிருந்தால் உட்கார்ந்து சண்டை போட்டிருப்பாள், ஜெயித்தோ தோற்றோ ஒரு முடிவு கண்டிருப்பாள். ஒன்பது வயது மகள் வீணாவை யார் பார்ப்பது என்று கேட்டிருந்தால் அதற்கும் பதில் வைத்திருந்தாள். முதல் வருஷம் மாமியார் பார்த்துக்கொள்வாள், அப்புறம் எல்லாரையும் அழைத்துக்கொள்ளலாம். அவன் எதையும் கேட்கவில்லை. உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு டிவி பார்த்தான். பொண்டாட்டி பேச்சைத் தட்டாத நல்ல மனுஷன் என்று சந்தில் அவனுக்குப் பெயர் வேறு.

கைரேகைக்கு முந்தைய வாரம் முழுக்க சீதாலட்சுமி விரல்களைக் கண்ணாடிச் சாமான் போலக் காப்பாற்றினாள். அடுப்பில் தட்டு இழுக்கும்போது சூடு பட்டுக்கொள்வது அவளுக்குப் பழக்கம், மணிக்கட்டு வரை தழும்புதான். அந்த வாரம் தடித்த உறை இரண்டு போட்டுக்கொண்டாள். வீட்டில் வெங்காயம்கூட நறுக்கவில்லை. காயம் ஆகக் கூடாது, கொப்புளம் வரக் கூடாது, அவ்வளவுதான் அவள் யோசித்தது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் மமதாவுக்குச் சீமந்தம். சனிக்கிழமை மாமியார் சந்திரம்மா மருதாணி அரைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"கைய நீட்டு. அண்ணிக்காரி நீதான் மொதல்ல வளையல் போடணும். வெறுங்கையோட போட்டா நல்லாவா இருக்கும்?"

பேக்கரியில் மாவு பிசைகிற கை என்பதால் கல்யாணத்துக்குப் பிறகு அவள் மருதாணியே வைத்துக்கொண்டதில்லை. இன்னும் கொஞ்ச நாளில் இந்த வேலையும் இல்லை, இந்த ஊரும் இல்லை என்று நினைத்ததும் அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. கையை நீட்டினாள். சந்திரம்மா பத்து விரல் நுனிக்கும் தொப்பி வைத்தாள், உள்ளங்கையில் வட்டமாக ஒரு பொட்டு. மருதாணி மங்கலம். அதைப் போய்க் காயம், கொப்புளம் வகையில் யார் சேர்ப்பார்கள்?

நாகேஷ் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். பொம்பளைகள் விஷயத்தில் ஒருநாளும் வாய் திறக்காதவன், அன்றைக்கு அம்மாவிடம் கேட்டான்.

"கிராம்பு போட்டு அரைச்சியா? அப்பதான் நல்லா புடிக்கும்."

போட்டிருந்தாள். நன்றாகவே பிடித்தது.

திங்கட்கிழமை மத்தியானம் தன்னை விசா மையத்தில் விட்டுவிட்டுப் போகும்படி நாகேஷிடம் சொன்னாள். ஏர்போர்ட் சவாரி இருக்கிறது, மெட்ரோவில் போய்விடு என்றான். போனாள். வரிசையில் நின்றாள், பையைப் பரிசோதித்தார்கள், உள்ளே ஒரு பெண் அவள் விரல்களைக் கண்ணாடி மேல் வைக்கச் சொன்னாள். இயந்திரம் சிவப்பு விளக்கைக் காட்டியது. துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். சிவப்பு. அந்தப் பெண் குனிந்து அவள் விரல்களைப் பார்த்தாள்.

"மெஹந்தி போட்டிருக்கீங்களா மேம்? ரேகை வரமாட்டேங்குது. வேற நாள் அப்பாயின்ட்மென்ட் எடுங்க."

"இன்னிக்குதாம்மா கடைசி நாள்."

"சாயந்திரம் க்ளோஸ் பண்றதுக்குள்ள கை க்ளீன் ஆச்சுன்னா வாங்க. இல்லைன்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

க்ளீன் ஆவதற்கு அது என்ன சேறா? சீதாலட்சுமி வெளியே வந்தாள். ஒரு வருஷம். பிரிஸில்லா எத்தனை பேரிடம் கெஞ்சியிருப்பாள், அந்த அம்மா எத்தனை மாதம் காத்திருந்தாள். எல்லாம் ஒரு கிண்ணம் இலை விழுதில் போயிற்று. மாமியாருக்குப் போன் போட்டாள்.

"அத்தை, உங்க மருதாணியால என் பொழப்பே போச்சு. திருப்பி அனுப்பிட்டாங்க. வளையல் போட வேற கையே கெடைக்கலையா உங்களுக்கு?"

"ஐயோ, எனக்கு இன்னாம்மா தெரியும்? வெக்கக் கூடாதுன்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." சந்திரம்மா அழ ஆரம்பித்தாள். அழுகையைக் கேட்கும் பொறுமை சீதாலட்சுமிக்கு இல்லை. வைத்துவிட்டாள்.

வாசலில் ஆட்டோக்கள் வரிசையாக நின்றிருந்தன. முன்னால் நின்ற ஆட்டோவின் வயசான டிரைவர் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, நேராகக் கையைப் பார்த்தார்.

"மெஹந்தியாம்மா? திருப்பி அனுப்பிட்டாங்களா? இதுக்குப் போய் அழுவாங்களா. ஏறுங்க. டீனா பார்லர்னு ஒண்ணு இருக்கு, சிக்னல் தாண்டினா வந்துரும். பிளீச் போட்டு, கல்லு வெச்சுத் தேச்சு எடுத்துருவாங்க. வலிக்கும். ஆனா ஆயித்து, வேல முடிஞ்சுரும்."

"நெஜமாவா?"

"தினம் ரெண்டு மூணு பேரு இப்பிடி வர்றாங்க. கல்யாண சீசன்ல கேக்கவே வேணாம். எங்களுக்குக்கூட மொதல்ல இது தெரியாது. நம்ம நாகேஷ்னு ஒருத்தன், அவன்தான் அந்தப் பார்லரைக் கண்டுபுடிச்சான். உள்ள போறவங்களை வாசல்லயே நிறுத்திக் கையைக் காட்டச் சொல்லுவான். மெஹந்தி இருந்தா நேரா அங்க கூட்டினு போயிருவான். டாக்டர் நாகேஷ்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். இன்னிக்கு ஏனோ இந்தப் பக்கமே காணோம்."

சீதாலட்சுமி ஆட்டோ கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"எந்த நாகேஷு?"

"அல்சூர்க்காரன்மா. முன் கண்ணாடியில பொண்ணு பேரு எழுதியிருப்பான், வீணான்னு."

அவள் ஏறி உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் பாஸ்போர்ட் சவாரி நிறைய வரும் என்று அவன் சொல்லிக் கேட்டிருக்கிறாள், இந்த டாக்டர் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேண்டாம் என்று சொல்லத் துணிவில்லாதவன். சண்டை போடத் திராணியில்லாதவன். பெத்த அம்மாவின் கையால் தன் காரியத்தை முடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறான். பற்றாததற்குக் கிராம்பு வேறு. அந்த ஒரு வார்த்தை ஞாபகம் வந்ததும் அவளுக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது. கூடவே, ஒன்றும் தெரியாத கிழவியை அழவைத்துவிட்டோமே என்றும் இருந்தது. போகிற வழியிலேயே மறுபடியும் போன் போட்டாள்.

"அத்தை, உங்க மேல தப்பில்ல. அழாதீங்க. மாத்திரை போட்டுக்கினு படுங்க." எதனால் தப்பில்லை என்று சொல்லவில்லை. அது அவன் சொல்ல வேண்டியது.

பார்லரில் டீனா அவள் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கிராம்பு போட்டிருக்காங்க போல. ரொம்ப ஏறியிருக்கே. தோல் உரியும் பரவாயில்லையா?"

"உரியட்டும்."

டீனா எலுமிச்சம்பழமும் சர்க்கரையும் வைத்துத் தேய்த்தாள். பிளீச்சைப் பூசி ஊறவிட்டாள். பிறகு பாதம் தேய்க்கிற கல்லை எடுத்து ஒவ்வொரு விரல் நுனியாக இழுத்தாள். அடுப்புச் சூட்டுக்கு மரத்துப்போன கைதான், ஆனாலும் கண்ணில் தண்ணீர் முட்டியது. இரண்டாவது சுற்று பிளீச் போட்டபோது டீனாவே தயங்கினாள். போடு என்றாள் சீதாலட்சுமி. மருதாணி முழுக்கப் போகவில்லை, வெளிறி ஒரு மஞ்சளாக நின்றது. அதற்கு மேல் தேய்த்தால் ரேகையும் சேர்ந்து போய்விடும் என்றாள் டீனா.

மையத்துக்குள் அவள் திரும்பி ஓடியபோது மற்ற கவுண்டர்களில் விளக்கு அணைத்துக்கொண்டிருந்தார்கள். அதே பெண்தான். விரல்களைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். வலது கை, சிவப்பு. மறுபடியும், சிவப்பு. அந்தப் பெண் ஒரு ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, தன் கையாலேயே சீதாலட்சுமியின் விரல்களை மெதுவாக அழுத்திப் பிடித்தாள். எரிச்சல் தோள் வரை ஏறியது. பச்சை. இடது கை, பச்சை. கட்டை விரல் இரண்டும், பச்சை.

"ஆச்சு மேம். நீங்க போலாம்."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். போன் அடித்தது. நாகேஷ். எங்கே இருக்கிறாய், வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். வா என்றாள். ஏர்போர்ட்டுக்குப் போனவன் பக்கத்துத் தெருவில்தான் இருந்திருப்பான் போல, உடனே வந்து நின்றான். வண்டியை விட்டு இறங்கி அவள் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, பாவம் போல முகத்தை வைத்துக்கொண்டான்.

"விடு சீதா. மனச வுட்றாத. இது இல்லைன்னா இன்னொண்ணு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

என்ன நடந்தது என்று அவன் கேட்கவே இல்லை. சீதாலட்சுமி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணுமே சொல்லலையே. இன்னாத்த விடச் சொல்ற?"

வரிசையில் இருந்த வயசான டிரைவர், "டேய் நாகேஷு, இந்தம்மா உங்க வீட்டம்மாவா? நான்தான்டா டீனாகிட்ட கூட்டினு போனேன்" என்று சந்தோஷமாகச் சொன்னார். நாகேஷ் அவரையும் பார்க்கவில்லை, இவளையும் பார்க்கவில்லை.

சீதாலட்சுமி பத்து விரலையும் அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். நுனியெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"எடுத்துட்டாங்க. எல்லா வெரலையும் எடுத்துட்டாங்க."

"நான் தடுக்கலையே சீதா. நான் ஒண்ணும் பண்ணல. சொல்லல, அவ்ளோதான்."

"ஊர்ல வர்ற போற பொம்பளைங்க கையெல்லாம் பாத்துச் சொல்லுவ. என் கையப் பாத்துட்டு, நல்லா புடிக்கட்டும்னு சொன்ன."

ஆட்டோக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் தலையைக் குனிந்தபடி, "ஏறு. வீட்ல போய்ப் பேசிக்கலாம்" என்று முணுமுணுத்தான்.

அவள் ஏறினாள். பின் சீட்டில் நடுவாக உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் முன்னால் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான்.

"மீட்டர் போடுப்பா" என்றாள்.

அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்து லேசாகச் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. பிறகு அவன் கையை நீட்டி மீட்டரைப் போட்டான்.