பனிக்குள் கள்ளி விற்ற காலம்

மொன்றியலில் வெளியே நட்டு வளர்க்கிற கள்ளியை விற்பது எப்படிப்பட்ட தொழில் என்றால், வாங்க வருகிறவர் செடியைப் பார்க்க முன்னம் உங்கள் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்ப்பார், ஆள் சுகமாகத்தான் இருக்கிறானா என்று.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், அஹுன்ட்சிக் பக்கம் ஒரு செடிக் கடையில் மண் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். முதுகு விட்டுப்போயிருந்தது. கனடாவின் புல்வெளியிலேயே தானாக முளைத்து, மைனஸ் முப்பதிலும் பிழைத்துக் கிடக்கிற ஒரு நாகதாளி உண்டு. தமிழ்நாட்டுக்காரரின் சப்பாத்திக்கள்ளிக்கு அது சின்னத் தங்கச்சி. அதை விற்கிறேன் என்று முதலாளி மதாம் லூசியை நச்சரித்து ஒரு மேசை வாங்கினேன். ஒரு நிபந்தனை போட்டார். எங்கள் கடையில் வாங்கிய செடி ஒரு வருடத்துக்குள் செத்தால் வேறு கொடுக்க வேண்டும். செத்த கள்ளிகள் அதிகம் திரும்பி வந்தால் மேசை போய்விடும், நான் பழையபடி மூட்டைக்குப் போக வேண்டும். என்னைப் போலக் கடையில் நின்று, வாடிக்கையாளர் என்ற இனத்திடம் அகப்பட்டு வாழ்ந்த உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆடும் தின்னாது

மேசை போட்ட முதல் வாரம், பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து ஒரு அண்ணை தக்காளிக் கன்று வாங்க வந்தார். கள்ளியைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையை ஒரு சுற்றுச் சுற்றினார். நானும் ஆள் விழுந்துவிட்டார் என்று நினைத்துத் தொடங்கினேன். சரளைக் கல்லும் மணலும் கலந்து மேடு கட்டுங்கள், வெயிலில் நடுங்கள், தண்ணீர் மட்டும் தேங்க விடாதீர்கள், குளிர் இதைக் கொல்லாது, ஈரம்தான் கொல்லும் என்று முழுப் பிரசங்கமும் வைத்தேன். அண்ணை கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"தம்பி, இதை ஊரிலை ஆடும் தின்னாது. வெட்டி எறியிறதுக்குக் கூலிக்கு ஆள் பிடிச்சனாங்கள். இஞ்சை நீர் இதுக்குப் பேரும் எழுதி வைச்சு விக்கிறீர், என்ன?"

வாயில்லாச் சீவன்

குளிர் வருகிறது என்று தெரிந்ததும் இந்தக் கள்ளி தன் உடம்பிலுள்ள தண்ணீரை வெளியேற்றிவிடும். உள்ளே தண்ணீர் இருந்தால்தானே உறையும்? சுருங்கி, நிறம் மங்கி, தரையில் படுத்துவிடும். அது அதன் கெட்டித்தனம். எங்கள் சனத்தின் கண்ணுக்கு மட்டும் அது பட்டினியாகத் தெரியும்.

ஒரு அன்ரி நவம்பரில் சொப்பிங் பையோடு வந்தார். பைக்குள் அழுகிக் கூழாகிப்போன கள்ளி. நாற்றம் வேறு. விசாரித்தால், காலையில் குளித்துவிட்டுத் துளசிக்கு ஊற்றுகிற கையோடு இதற்கும் ஒரு செம்பு. துளசியை வீட்டுக்குள் எடுத்த பிறகு அதன் பங்கும் இதற்கே. செப்டம்பருக்குப் பிறகு ஒரு சொட்டும் ஊற்றக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேனே என்று அழாக்குறையாகக் கேட்டேன். காசுப் பெட்டிக்குப் பின்னால் மதாம் லூசி கூழையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார்:

"வாடிச் சுருங்கிக் கிடந்துது தம்பி. வாயில்லாச் சீவன். பாத்துக்கொண்டு இருக்க மனம் வருமே?"

சூட்டு நாட்டுக்காரர்

வெளியாட்கள்தான் எதிரி என்று நினைத்தால் அதுவும் பிழை. ஜனவரியில் ஒரு காலை வேலைக்கு வந்தேன். வெளியே பனியில் இருந்த என் கள்ளிச் சட்டிகள் ஒன்றும் இல்லை. எல்லாம் கண்ணாடி வீட்டுக்குள், ஹீட்டருக்குப் பக்கத்தில், வரிசையாகக் குந்தியிருந்தன. காசுப் பெட்டியில் நிற்கிற மரி-ரோஸ், ஹெயிட்டிக்காரி, இரக்கப்பட்டுத் தூக்கி வைத்திருக்கிறாள். சூட்டில் விழித்துக்கொண்டால் அழுகிவிடும் என்று தலைதெறிக்க எல்லாவற்றையும் திரும்ப வெளியே கொண்டுபோனேன். மரி-ரோஸ் கண்கலங்கிப் போனாள்:

"உனக்கு இரக்கமே இல்லையா ரஞ்சன்? அதுவும் எங்களைப் போலச் சூட்டு நாட்டிலிருந்து வந்ததுதானே!"

எங்களுக்குள் இங்கேயே பிறந்தது அது ஒன்றுதான் என்று அவளுக்கு விளங்கப்படுத்த எனக்குப் பிரெஞ்சு போதவில்லை.

ஏப்ரல் மாதத்துப் பிணங்கள்

பனி உருகியதும் ஊர்வலம் தொடங்கும். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரிலிருந்து ஒரு சென்னை இளைஞர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, காரில் கொண்டுவந்து இறக்கினார். பழைய செருப்பு மாதிரி ஒன்று. "கேரண்டி இருக்குன்னு சொன்னீங்களே சார், செத்துப் போச்சு, பாருங்க" என்றார். மதாம் லூசி பேனாவைத் திறந்துவிட்டார். செத்துத் திரும்பியவற்றின் கணக்கு அவர் கையில். இன்னும் ஒரு பிணம் எழுதப்பட்டால் மேசை தாங்காது.

மடலின் அடியில் நகத்தால் கீறிக் காட்டினேன். உள்ளே பச்சை. "சாகவில்லை, படுத்திருக்கிறது. ஜூன் வரைக்கும் தொடாமல் விடுங்கள், தானாக எழும்பும்" என்றேன். அவர் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது:

"ஹைபர்நேட்ல இருக்குன்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்ல சார்!"

அன்றிலிருந்து அந்தச் சொல்லையே பயன்படுத்தினேன். அதற்குப் பிறகு திரும்பி வந்த பிணங்கள் பாதியாகக் குறைந்தன.

சிநேகிதனுக்கு

களவாய் முறித்த தடிதான் நன்றாய் வேர்விடும் என்று நம்மவர்களுக்கு ஒரு நம்பிக்கை. கள்ளியில் நீளமான முள் பெரிய ஆபத்தில்லை, அது கண்ணுக்குத் தெரியும். மடலில் புள்ளி புள்ளியாகத் தூசு போல இருக்கிற சுணைதான் எமன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து கோட்டும் சூட்டுமாக ஒருவர் வந்து, ஒன்றும் வாங்காமல், என்னோடு நெடுநேரம் கதைத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு பார்த்தால் வாசல் பாத்தியில் நான் நட்டிருந்த கள்ளியில் ஒரு மடலைக் காணவில்லை.

மறுநாள் அவரே வந்தார், கால்களை அகட்டி அகட்டி நடந்துகொண்டு. கதிரை கொடுத்தேன், இருக்கவில்லை. ஒரு சிநேகிதன் கள்ளி மடலைத் தன் காற்சட்டைப் பையில் வைத்துவிட்டானாம், தொடையில் ஏறின சுணையை எப்படி எடுப்பது என்று கேட்டார். அகலமான ஒட்டு நாடாவை நன்றாக அழுத்தி ஒட்டி, ஒரே இழுவையாக இழுக்கச் சொன்னேன். அவர் முகம் வெளிறியது:

"அப்ப மயிரும் சேந்தெல்லோ வரும்! எனக்கில்லைத் தம்பி, அவனுக்கு."

மதாமின் நியாயம்

அடுத்த வருடம் ஜூனில் வாசல் பாத்தி முழுக்க மஞ்சள் பூ. கார்களை நிறுத்தி இறங்கிப் பார்த்தார்கள். அந்த வசந்தத்தில் ஒரு கள்ளிகூடச் செத்துத் திரும்பவில்லை. சனம் டிஜிட்டல் கமராவில் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டியது. அது மட்டுமா, தங்கள் வீட்டில் பெருகிய மடல்களை முறித்து அயலவருக்கும் கோயிலில் கண்டவருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். மதாம் லூசி கூப்பிடுகிறார் என்றதும் கையைக் கழுவி, சட்டையை இழுத்துவிட்டு, பாராட்டு வாங்கப் போனேன்.

அவர் கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டினார். என் மேசை நிறையக் கள்ளி. ஒருவரும் பக்கத்தில் இல்லை. குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது:

"மெஸ்யூ ரஞ்சன், ரோஜா சாகிறது, திரும்ப வந்து வாங்குகிறார்கள். சாகாத செடியை, அதுவும் அயலவர் சும்மா கொடுக்கிற செடியை, ஒரு மனிதர் எத்தனை தரம் வாங்குவார்? மண் மூட்டைகள் பின்னால் இருக்கின்றன."

ஆகவே, என்னோடு சேர்ந்து நொந்தவர்களே, செடி செத்தாலும் நமக்கு மூட்டைதான், பிழைத்தாலும் மூட்டைதான், ஆனால் செத்திருந்தால் மொன்றியல் குளிரையாவது வாய் நிறையத் திட்டியிருக்கலாம்.